உறைபனி என்று எழுதிவைத்த பதினோரு நாட்கள்

ஹல்லகோஸ்கி அட்டை ஆலையை மூடிப் பத்து வருஷம் ஆன பிறகு, அதை அப்படியே அருங்காட்சியகமாக்கப் போகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அரைக்கும் கல், நீர்ச்சக்கரம், உலர்த்தும் மாடி, தொழிலாளர் வீடுகள் பதினாறு, முதலாளியின் மாளிகை, எதுவும் இடம் மாறாது என்றார்கள். ஊரில் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. ஆவ்னெ கெத்துனென் மட்டும் தபால் நிலையத்து வரிசையில் நின்றபடி, உயிரோடு இருந்தபோது எங்களைத் தின்றது, செத்த பிறகு அதற்கு அலங்காரம் ஒரு கேடா என்றாள். வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். ஆவ்னெ பேச ஆரம்பித்தால் பூட்ஸைப் பார்ப்பது ஊர் வழக்கம்.

அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. பதினைந்து வயதில் உலர்த்தும் மாடிக்கு ஏறியவள், ஆலை மூடிய நாளில்தான் இறங்கினாள். ஆற்றோரம் இரண்டு அறை கொண்ட கருஞ்சிவப்பு மர வீட்டில் தனியாக இருந்தாள். புருஷன் எய்னோ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஸ்வீடனில் கார் தொழிற்சாலையில் இருந்தார்கள்.

அப்படிப் பேசியவளே கடைசியில் அங்கே வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குக் காரணம் ஹெல்சின்கியிலிருந்து வந்த ஒரு மாணவி. திறப்பு விழாவுக்கு முன் ஒத்திகை என்று ஊர்க்காரர்களைக் கூட்டிப்போய் ஆலையைச் சுற்றிக்காட்டியபோது அந்தப் பெண், இங்கே பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே ஈர அட்டைகளைத் தொங்கவிடுவார்கள் என்று இனிமையாகச் சொன்னாள். ஆவ்னெயால் பொறுக்க முடியவில்லை. எழுபது டிகிரி சூட்டில் வாயைத் திறந்தால் நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், எந்த மகராசி பாடுவாள் என்று கேட்டாள். மாணவியின் முகம் சிவந்துபோயிற்று. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த வரலாற்று ஆய்வாளர் டாக்டர் ரஸ்காலா அன்று சாயங்காலமே ஆவ்னெயின் கதவைத் தட்டினார். நாற்பத்தைந்து வயது, ஒல்லியான ஆள், எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்கத் தெரியாதவர். மேல் மாடியை நீங்களே காட்டுங்கள், உங்களை விட்டால் ஈர அட்டையை மாடிக்கு ஏற்றிய அந்த இயந்திரம் எப்படி ஓடியது என்று சொல்லக்கூட ஆளில்லை என்றார். ஆவ்னெ ஒப்புக்கொண்டாள். தப்பாகச் சொல்லிக் கேட்பதைவிட நாமே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

மூன்று நாள் கழித்துத் தட்டச்சு செய்த ஆறு பக்கம் வந்தது. எந்த இடத்தில் நின்று என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அரைக்கும் கல், மரக்கூழ், அட்டை ஒற்றும் உருளை எல்லாம் சரி. ஐந்தாம் பக்கத்தில், உலர்த்தும் மாடி என்ற தலைப்பின் கீழ் இப்படி ஒரு வாக்கியம்: 'எண்பத்திரண்டு ஆண்டுகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பூசல் என்று ஒரு நாள்கூட இங்கே சக்கரம் நின்றதில்லை.'

ஆவ்னெ அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு நேராக ஆலை ஆபீசுக்குப் போனாள்.

ரஸ்காலா அந்த வாக்கியத்தைத் தானாக இட்டுக்கட்டவில்லை. சக்கரப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். ஆலை ஓடிய ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. சக்கரம் நின்ற நாட்களுக்குக் காரணமும் இருந்தது. வெள்ளம், கல் மாற்றுதல், போர், கிறிஸ்துமஸ். 1937 பிப்ரவரியில் பதினோரு நாளுக்கு நேரே அழகான கையெழுத்தில் 'சக்கரத்தில் உறைபனி' என்று எழுதியிருந்தது. கடுங்குளிரில் ஆற்றுத் தண்ணீர் கூழாக உறைந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்வது எங்கள் பக்கம் புதிதில்லை. யாருக்கும் சந்தேகம் வராது.

"உறைபனி இல்ல டாக்டர், நாங்கதான்," என்றாள் ஆவ்னெ.

அவர் பேனாவை எடுத்தார். அவள் நின்றபடியே சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் விறகை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஃபோர்மேன் கார்ல்ஸ்டெட், மாடியின் காற்றுத் திறப்புகள் பன்னிரண்டையும் ஆணியடித்து மூடிவிட்டான். வெப்பம் வெளியே போகாவிட்டால் அட்டை சீக்கிரம் காயும் என்பது அவன் கணக்கு. அட்டை காய்ந்தது. உள்ளே இருந்தவர்களும் காய்ந்தார்கள். நாலாம் நாள் லெம்பி என்ற பதினேழு வயதுப் பெண், மேல் கம்பத்தில் அட்டை தொங்கவிட ஏணியில் ஏறியவள் மயங்கி, மாடிப்படி வழியே கீழ்த்தளம் வரை விழுந்தாள். மூன்று நாள் கிடந்து செத்துப்போனாள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை மாடிப் பெண்கள் யாரும் மேலே ஏறவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆணியைப் பிடுங்கினால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். உலர்த்த ஆளில்லாமல் ஈர அட்டை குவிந்தது. சக்கரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பன்னிரண்டாம் நாள் ஆணிகள் போயின. ஆனால் சைமி, ஹில்யா, மார்த்தா என்று மூன்று பேரை வேலையிலிருந்தும் கம்பெனி வீட்டிலிருந்தும் சேர்த்தே விரட்டினார்கள். சைமிதான் முன்னால் நின்றவள்.

ரஸ்காலா எழுதி முடித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தாளில் இல்லாததை நம்பினால் தன் படிப்புக்கே இழுக்கு என்று நினைப்பவர்.

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லலை. ஆனா எழுத்துல ஒரு ஆதாரமாவது வேணுமில்லையா? ஒரு கடிதம், ஒரு ரசீது, ஏதாவது?" என்றார்.

"காகித ஆலை வெச்சிருந்தவனுக்குக் காகிதத்துல என்ன எழுதணும்னு தெரியாதா, டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். விழாவுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, கம்பெனி இயக்குநர் குரோன்வால் ஆறு பக்கத்தையும் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார், இப்போது மாற்ற முடியாது என்றார். ஆவ்னெ தாள்களை மடித்து மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மனம் ஆறவில்லை. அவள் சொன்னதெல்லாம் நிஜம். ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை அவள் மறக்கவில்லை. இன்னும் ஒருத்தியும் மறந்திருக்க மாட்டாள்.

மறுநாள் காலை பஸ் பிடித்து ரயில் சந்திப்பு ஊருக்குப் போனாள். சைமி பொயூரு அங்கே ரயில் பட்டறைக்குப் பின்னால் இருந்த அடுக்குமாடியில் இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். ஆவ்னெ மட்டும் போனதில்லை. எங்கள் ஊரிலிருந்து விரட்டப்பட்ட பிறகு இந்த ஆற்றங்கரையில் எந்த ஆலையும் சைமியைச் சேர்க்கவில்லை. பெயர் அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. ரயில்வேக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்தாள். பிறகு பட்டறைச் சமையலறையில் வேலை பார்த்து அதிலேயே ஓய்வு பெற்றாள்.

மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. ஊன்றுகோலோடு நின்ற சைமிக்கு ஆளை அடையாளம் தெரிய ஒரு நொடிதான் ஆயிற்று.

"முப்பத்தேழு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பஸ் கிடைச்சுதா உனக்கு?"

"இன்னிக்குத்தான் கிடைச்சுது. நீ கதவைச் சாத்தறதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

சைமி கதவைச் சாத்தவில்லை. விலகி வழிவிட்டாள். பகையாளியாக இருந்தாலும் காபி கொடுக்காமல் திருப்பி அனுப்புவது எங்களிடம் இல்லை. ஏலக்காய் ரொட்டியை வெட்டி வைத்தாள், ஆனால் நல்ல கோப்பையை எடுக்கவில்லை. ஆவ்னெ அதைக் கவனித்தாள். நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்தாம் பக்கத்தை மேஜையில் விரித்துக் காட்டினாள். சைமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பில்லை அது.

"ஒரு நாள்கூட நிக்கலையாம். அப்ப நான் எதுக்குடி முப்பது வருஷம் கண்டவன் விரிப்பை எல்லாம் துவைச்சேன்?"

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவில் இந்த வாக்கியத்தைச் சொல்லப் போவதில்லை, நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றாள் ஆவ்னெ. மாவட்ட ஆட்சியர், பத்திரிகைக்காரர்கள், இயக்குநர் எல்லோரும் இருப்பார்கள். தப்பாகச் சொன்னால் திருத்த ஒரு ஆள் வேண்டும்.

சைமி காபியைக் குடித்து முடித்தாள்.

"ஒன்பதாம் நாளையும் சொல்லுவியா?"

ஆவ்னெ ஜன்னலைப் பார்த்தாள். கீழே சரக்கு ரயில் ஒன்று நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. அது முழுவதும் போய் முடியட்டும் என்று காத்திருந்தவள்போல் இருந்தாள்.

"சொல்லுவேன்."

"பாப்போம்," என்றாள் சைமி. வருவேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

ஜூன் மாத ஞாயிறு வெயிலோடு விடிந்தது. பித்தளை வாத்தியக்காரர்கள் பாலத்தருகே வாசித்தார்கள். கொடி ஏறியது. இயக்குநர் குரோன்வால் பேசினார். உயரமான ஆள், வெளிர் நிறக் கோட்டு. இந்த ஆலை ஒரு குடும்பமாக இருந்தது, முதலாளி தகப்பனாகவும் தொழிலாளிகள் பிள்ளைகளாகவும் வாழ்ந்தார்கள் என்றார். ஆவ்னெ கூட்டத்தின் ஓரத்தில் கறுப்புப் பாவாடையும் வெள்ளை ஏப்ரனுமாக நின்றாள். ஏப்ரன் அருங்காட்சியகம் கொடுத்தது. அத்தனை வெள்ளை ஏப்ரனை முப்பத்தாறு வருஷ வேலையில் அவள் ஒரு நாளும் கட்டியதில்லை. சைமியைத் தேடினாள். தென்படவில்லை.

முதல் குழுவில் இருபத்துச் சொச்சம் பேர். இயக்குநர், மாவட்ட ஆட்சியர், அவர் மனைவி, இரண்டு பத்திரிகைக்காரர்கள், மற்றவர்கள் விருந்தாளிகள். ரஸ்காலா கடைசியில் வந்தார். அரைக்கும் கல்லையும் உருளையையும் ஆவ்னெ தாளில் இருந்தபடியே சொன்னாள். சரியாக, தடங்கலில்லாமல். இயக்குநர் தலையாட்டிக்கொண்டே வந்தார். பிறகு செங்குத்தான மரப்படியில் ஏறி மாடிக்குப் போனார்கள்.

மாடி சுத்தமாக இருந்தது. கம்பங்களில் மாதிரிக்கு நாலு வரிசை அட்டை தொங்கியது. காற்றுத் திறப்புகளுக்கு வெள்ளைச் சாயம் அடித்திருந்தார்கள். ஜூன் காற்று உள்ளே வந்தது. யாரோ ஒரு பெண்மணி, எத்தனை அமைதியான இடம் என்று சொன்னாள்.

ஆவ்னெ முதல் திறப்பின் அருகே போய் நின்றாள்.

"இந்த இடத்துல நான் ஒரு வாக்கியம் சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எண்பத்திரண்டு வருஷத்துல பூசல்னு ஒரு நாள்கூட சக்கரம் நிக்கலைன்னு. அதைச் சொல்ல மாட்டேன். அது பொய்," என்றாள்.

ஏப்ரன் பையிலிருந்து வெண்ணெய்க் கத்தியை எடுத்தாள். சமையலறையிலிருந்து கொண்டுவந்தது. திறப்பின் சட்டத்தில் புதிய சாயத்தைச் சுரண்டினாள். சாயம் சுருண்டு விழுந்தது. அதன் கீழே பட்டி பூசி அடைத்திருந்த இடம் தெரிந்தது. கத்தி முனையால் குத்தி அதை உதிர்த்தாள். பென்சில் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. பக்கத்தில் இன்னொன்று. நாலு மூலைக்கும் நாலு.

"ஒரு திறப்புக்கு நாலு ஆணி. பன்னெண்டு திறப்பு. வேணும்னா ஒவ்வொண்ணாச் சுரண்டிக் காட்டறேன், எனக்கு அவசரம் ஒண்ணுமில்ல."

இயக்குநர் குரலை உயர்த்தாமல், ரஸ்காலா, குழுவைக் கீழே அழைத்துப் போங்கள் என்றார். ரஸ்காலா அசையவில்லை. அவர் கண் துளைகளில் இருந்தது. அந்தப் பட்டியைப் பூசச் சொன்னதே அவர்தான். ஏதோ பழைய துளை, அழகாக இல்லை என்று நினைத்திருந்தார். வேறு யாரும் அசையவில்லை. மாவட்ட ஆட்சியரின் மனைவி மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள்.

ஆவ்னெ சொல்லத் தொடங்கினாள். லெம்பியைச் சொன்னாள். அவள் தலைமுடி என்ன நிறம், எந்தப் பண்ணையிலிருந்து வந்தாள், ஏணி எங்கே சாத்தியிருந்தது, விழுந்தபோது என்ன சத்தம் கேட்டது, எல்லாம் சொன்னாள். படிக்கட்டில் உட்கார்ந்ததைச் சொன்னாள். "நாங்க முப்பத்தொரு பேரு..."

"முப்பத்திமூணு," என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "கேன்டீன்ல இருந்த ரெண்டு பேரும் கரண்டியைப் போட்டுட்டு வந்து உக்காந்தாங்க. அவங்களை ஏன் விடறே?"

சைமி. ஊன்றுகோலை ஒவ்வொரு படியாக வைத்து ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பஸ் தாமதம், விழாவுக்காக ரோட்டை மறித்துவிட்டார்கள் என்று பொதுவாக எல்லோரையும் பார்த்து முறையிட்டாள். ஒரு விருந்தாளி நாற்காலியைத் தேடினார். மாடியில் நாற்காலி ஏது? அவள் அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பத்திமூணு," என்று திருத்திக்கொண்டாள் ஆவ்னெ. மூன்று பேர் விரட்டப்பட்டதைச் சொன்னாள். அதில் ஒருத்தி இவள்தான் என்று கை காட்டினாள். எல்லோரும் சைமியைப் பார்த்தார்கள். சைமி ஆவ்னெயை மட்டும் பார்த்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்டவர்களுக்கு அதுவே போதும். ஆவ்னெயின் நாக்கு காய்ந்துபோயிற்று. மாடியில் சூடு என்று எதுவும் இல்லை அன்று.

"இன்னும் ஒண்ணு இருக்கு. பதினோரு நாளும் எல்லாரும் உக்காந்திருக்கலை. ஒன்பதாம் நாள் ஒருத்தி எழுந்து மேல போனா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்துது. ஃபோர்மேன் முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, ஆத்தோரத்து வீடு காலியாகுது, யாருக்குக் குடுக்கறதுன்னு யோசிக்கறேன்னான். காலியாகப் போறது இவங்க வீடுன்னு அவளுக்குத் தெரியும்." சைமியை நோக்கித் தலையை அசைத்தாள். "தெரிஞ்சுதான் போனா. பட்டினி இல்ல, வீட்டுல யாருக்கும் நோயில்ல. வீடு வேணும்னு இருந்துது, போனா. அது நான்தான்."

கீழே வாத்தியக்காரர்கள் ஏதோ நடைப்பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பேருல வெக்கம் இருக்குன்னு ஊரோட வரலாற்றை மூடி வெக்க முடியாது. கம்பெனிக்கும் அதேதான்," என்று முடித்தாள். "இப்பப் படியில பார்த்து இறங்குங்க. ஏழாவது படி ஆடும்."

இயக்குநர் அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். விருந்தாளிகள் முன்னால் கம்பெனியை அவமானப்படுத்தியதாகச் சொன்னார். ஏப்ரனை அங்கேயே கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆற்றோரத்து வீட்டை மாதிரித் தொழிலாளர் இல்லமாகக் காட்சிக்கு வைக்கத் திட்டமிருப்பதால் செப்டம்பர் முடிவுக்குள் காலி செய்யும்படி மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

இந்த வீடு எப்படி வந்ததோ அப்படியே போகட்டும் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்தாள். காலையில் எழுந்து உரித்த உருளைக்கிழங்கைக் கொதிக்க வைத்தபோது கோபம் வந்துவிட்டது. நான் செய்த தப்புக்கு நான் பதில் சொல்லலாம், இவர்கள் யார் அதற்குத் தண்டனை கொடுக்க? வாங்கியது நான் என்றால் விற்றது யார்? உட்கார்ந்து பதில் எழுதினாள். 'நான் போக மாட்டேன். வேண்டுமானால் வந்து தூக்கிக்கொண்டு போங்கள். எழுபத்தாறு கிலோ இருக்கிறேன், இரண்டு ஆளாக அனுப்பவும்.'

ஆலைக்குள் நுழைய அவளுக்குத் தடை. ஆனால் ஆற்றின் மேல் இருக்கும் பாலம் மாவட்டச் சாலை. அதில் நிற்க யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. ஜூலை முழுவதும் தினமும் பதினோரு மணிக்கு ஆவ்னெ பாலத்தில் வந்து நின்றாள். அங்கிருந்து மாடியின் திறப்புகள் பன்னிரண்டும் நன்றாகத் தெரியும். முதலில் ரெண்டு பேர், மூணு பேர் நின்று கேட்டார்கள். விழாவைப் பற்றிப் பத்திரிகையில் வந்த பிறகு பஸ்ஸே பாலத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் சைமியும் மடக்கு நாற்காலியோடு வந்துவிடுவாள். பார்வையாளர்கள் முன்னாலேயே இருவரும் அடித்துக்கொள்வார்கள். ஆணியைப் பிடுங்கியது தச்சனா ஃபோர்மேனா என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சண்டை. வந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் ஆலையைவிட இது பிடித்திருந்தது. பாட்டுப் பாடினார்கள் என்று சொன்ன மாணவி, வெளியே பாலத்தில் இருப்பவர்களையும் கேளுங்கள் என்று தன் குழுக்களை அனுப்பத் தொடங்கினாள்.

சைமி அவளை மன்னித்ததாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆவ்னெ கேட்கவுமில்லை. ஒரு ஞாயிறு மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நின்றபோது சைமி, "இன்னும் கோபம் இருக்கு எனக்கு, தெரியுமில்ல?" என்றாள். "தெரியும், குடையை இந்தப் பக்கம் சாய்," என்றாள் ஆவ்னெ.

ஆகஸ்ட் நடுவில் ரஸ்காலா பாலத்துக்கு வந்தார். ஒன்றரை மாதமாக அவர் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கையில் ஒரு நோட்டு. கூட்டம் கலையும்வரை காத்திருந்துவிட்டுத் திறந்து காட்டினார். இதே ஆற்றில் ஐந்து கிலோமீட்டர் கீழே இருந்த மர அறுவை ஆலையின் பதிவேட்டைத் தேடிப் பிடித்திருந்தார். அந்தப் பதினோரு நாளும் அந்த ஆலையின் சக்கரம் ஓடியிருக்கிறது. 'ஆறு தடங்கலின்றி ஓடுகிறது' என்று எழுதியே இருந்தது. தேவாலயத்துச் சாவுப் பதிவேட்டில் லெம்பியும் இருந்தாள். பதினேழு வயது, ஆலையில் விழுந்து.

"எனக்குத் தாள்தான் வேணும்னு சொன்னேன். தேடினா கிடைச்சிருக்கும்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும்," என்றார்.

"இப்பவாவது தோணிச்சே. என்ன பண்ணப் போறீங்க?"

மாடியில் பலகை வைக்கப் போவதாகச் சொன்னார். இயக்குநர் மறுத்தால் இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்திரிகையில் எழுதுவேன் என்று ஏற்கெனவே கடிதம் போட்டுவிட்டாராம். வேலை போனால் போகட்டும் என்றார். முதல் முறையாக ஆவ்னெக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கம்பெனி மூன்று வாரம் மௌனமாக இருந்தது. பிறகு இறங்கி வந்தது. பேசியதற்காக ஒரு விதவையை வீட்டை விட்டு வெளியேற்றுகிறார்கள் என்று தலைநகர் பத்திரிகை ஒன்று எழுதியிருந்தது. அதற்குப் பின் வீட்டைப் பற்றி எந்தக் கடிதமும் வரவில்லை. ஐந்தாம் பக்கத்து வாக்கியம் அடிபட்டது. ஆவ்னெயைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். ஏப்ரன் கட்ட மாட்டேன் என்ற நிபந்தனையோடு போனாள்.

செப்டம்பரில் பலகை வந்தது. மாட்டுவதற்கு முன் படிக்கட்டின் அடியில் சாத்தி வைத்து இரண்டு பெண்களையும் வரவழைத்துக் காட்டினார் ரஸ்காலா. ஆணிகள், லெம்பியின் பெயர், முப்பத்திமூன்று பேர், பதினோரு நாள், விரட்டப்பட்ட மூவரின் பெயர்கள். எல்லாம் நல்ல எழுத்தில் இருந்தது. சைமி தன் பெயரை மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் படித்தாள். ஆவ்னெ கடைசி வரிவரை படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஒன்பதாம் நாள் எங்கே?"

அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன், நீங்களாகவே சொல்லிவிட்டீர்கள், பலகையில் நிரந்தரமாக எதற்கு என்றார் ரஸ்காலா. கருணையோடுதான் சொன்னார். சைமியும் அவரோடு சேர்ந்துகொண்டாள்.

"விடுடி. வர்றவன் எங்க மூணு பேரையும் மறந்துட்டு உன்னைத்தான் ஞாபகம் வெச்சுப்பான். காட்டிக்குடுத்தவ பேருதான் எல்லார் மனசுலயும் நிக்கும். அதுக்கா ஆசைப்படறே?"

"நிக்கட்டும். எனக்குப் பிடிக்காததை மட்டும் விட்டுட்டு எழுதினா நான் குரோன்வாலுக்கு எதுல குறைச்சல்?"

"நான் சொல்றேன், வேண்டாம். அந்த நாள் எனக்கும் பட்டதுதான். எனக்கு அதுல உரிமை இல்லையா?"

"இருக்கு. நீ வேணும்னா உன் கோபத்தையும் ஒரு வரி சேத்துக்கோ. என் வரியை எடுக்காதே."

சைமி ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். இவளோடு யாரால் மல்லுக்கட்ட முடியும் என்று ரஸ்காலாவிடம் கேட்டாள். அவர் தன் பூட்ஸைப் பார்த்தார். ஊர் வழக்கம் அவருக்கும் வந்துவிட்டது.

பலகை மாட்ட வந்தவன் சுத்தியலோடு காத்திருந்தான். ஆவ்னெ படிக்கட்டின் முதல் படியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வரி வரும்வரை இது மேலே போகாது என்றாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சைமி கால் வலிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசியில் ரஸ்காலா பலகையைத் தூக்கிக்கொண்டு சாயக்காரனிடம் திரும்பிப் போனார்.

அக்டோபரில், முதல் உறைபனி விழுந்த வாரம், பலகை மாடியில் ஏறியது. அந்த வாரம் வந்த பள்ளி ஆசிரியர்கள் குழு ஒன்றுக்கு ஆவ்னெ அதை மேலிருந்து கீழ்வரை வாசித்துக் காட்டினாள். 'ஒன்பதாம் நாள் ஆவ்னெ கெத்துனென் வேலைக்குத் திரும்பினார். அவருக்கு வீடு கிடைத்தது.' மற்ற வரிகளை வாசித்த அதே குரலில்தான் இதையும் வாசித்தாள். ஒரு ஆசிரியை தயங்கித் தயங்கி, எந்த வீடு என்று கேட்டாள்.

ஆவ்னெ திறப்பின் கதவைத் தள்ளித் திறந்து கையை நீட்டினாள்.

"அதோ, புகை வர்றதே, அந்தச் சிவப்பு வீடு. இன்னும் அங்கதான் இருக்கேன். யாருக்காவது என்னைக் கேள்வி கேக்கணும்னா மூணு மணிக்கு மேல வாங்க, காபி இருக்கும்."